டெர்னாட்டேயிலிருந்து போன கடிதம்: டார்வின் வாலஸிடம் திருடினாரா?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: இயற்கைத் தேர்வுக் கொள்கையை ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் எழுதி டார்வினுக்கு அனுப்பினார், டார்வின் அதை இரண்டு வாரம் ஒளித்து வைத்துத் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகுதான் ‘இன்று வந்தது’ என்று வெளியே சொன்னார் என்று ஒரு காணொளியில் சொல்கிறார்களே, உண்மையா? வாலஸின் கடிதங்கள் இன்று எங்கே இருக்கின்றன? டார்வினை விட்டுவிட்டுப் பார்த்தால் அவருடையது என்று சொல்ல என்ன மிச்சம்?

திருடவில்லை என்பது என் பதில். ஆனால் வாலஸிடம் கேட்காமல் லண்டனில் சிலர் ஒரு காரியம் செய்தார்கள், அது சரியில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் சதிக் கதை பிழைத்துக் கிடக்கிறது. தேதிகளை வரிசையாகப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் வாலஸ் யார் என்பது. 1823இல் வேல்ஸில் அஸ்க் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவர். குடும்பத்தில் பணம் கரைந்துபோனதால் பதினாலு வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. அண்ணனோடு நில அளவை வேலைக்குப் போனார். 1844இல் லெஸ்டரில் கொஞ்ச காலம் ஆசிரியர் வேலை. அங்கே ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் என்ற வண்டுப் பைத்தியம் நண்பரானார். மால்தஸின் மக்கள்தொகை நூலை வாலஸ் படித்ததும் அந்த ஊரில்தான். 1848இல் இரண்டு பேரும் அமேசானுக்குக் கிளம்பினார்கள். பூச்சிகளும் பறவைத் தோல்களும் சேகரித்து லண்டனுக்கு அனுப்ப, சாமுவேல் ஸ்டீவன்ஸ் என்ற முகவர் அவற்றை விற்றுக் கொடுத்தார். பயணச் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் அந்தக் காசுதான். டார்வினைப் போலத் தந்தையின் சொத்தில் உட்கார்ந்து யோசிக்கிற வசதி வாலஸுக்கு வாய்த்ததே இல்லை. 1852இல் ஊர் திரும்பும்போது நடுக்கடலில் ‘ஹெலன்’ கப்பல் தீப்பிடித்தது. வருடக்கணக்காகச் சேர்த்த சேகரிப்பும் குறிப்பேடுகளும் பெரும்பாலும் எரிந்துபோயின. பத்து நாள் படகில் மிதந்தபின் இன்னொரு கப்பல் காப்பாற்றியது. ஸ்டீவன்ஸ் முன்யோசனையாக 200 பவுண்டுக்குக் காப்பீடு செய்திருந்ததால் மனிதர் தெருவுக்கு வரவில்லை.

வேறு யாராக இருந்தாலும் கடல் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார்கள். இவர் 1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் இறங்கினார். அடுத்த எட்டு ஆண்டுகள் மலாய்த் தீவுக்கூட்டம் (இன்றைய மலேசியா, இந்தோனேசியாப் பகுதி) முழுவதும் அலைந்தார். சேர்த்த மாதிரிகளின் கணக்கை அவரே கொடுத்திருக்கிறார்: மொத்தம் 1,25,660. அதில் வண்டுகள் மட்டும் 83,200, பறவைகள் 8,050. இத்தனையும் தனி ஆளாக அல்ல. சரவாக்கில் சேர்ந்த அலி என்ற மலாய் இளைஞர் சமையலில் தொடங்கி, பறவை சுடவும் தோலுரித்துப் பதப்படுத்தவும் கற்றுக்கொண்டு கடைசிவரை கூடவே இருந்தார். பச்சான் தீவில் வாலஸின் பெயரைத் தாங்கிய அந்தச் சொர்க்கப் பறவையை முதலில் சுட்டுக் கொண்டுவந்தது அலிதான். இந்தச் சதிக் கதைகளை எழுதுபவர்கள் அலியைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன்.

இனிக் கடிதங்களுக்கு வருவோம்.

1855 பிப்ரவரியில், சரவாக்கில் மழைக்காலத்தில் வெளியே போக முடியாமல் இருந்தபோது, வாலஸ் ஒரு கட்டுரை எழுதினார். புதிதாகத் தோன்றும் ஒவ்வொரு இனமும், அதற்கு நெருங்கிய உறவுள்ள இன்னொரு இனம் ஏற்கெனவே இருந்த இடத்தில், இருந்த காலத்தை ஒட்டியே தோன்றியிருக்கிறது என்பது அதன் சாரம். பரிணாமம் என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் வேறெதையும் அது சொல்லவும் இல்லை. செப்டம்பரில் லண்டனில் அச்சாகியது. வந்த வேகத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, இரண்டு பேரைத் தவிர. ஒருவர் புவியியலாளர் சார்ல்ஸ் லயல். அதைப் படித்துவிட்டு இனங்களின் தோற்றம் பற்றிக் குறிப்பெழுதத் தனி நோட்டே தொடங்கினார். இன்னொருவர் கல்கத்தா ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எட்வர்ட் பிளைத். சொற்பச் சம்பளத்தில் இந்தியப் பறவைகளையும் விலங்குகளையும் பற்றி டார்வினுக்குப் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தவர் அவர். 1855 டிசம்பரில் டார்வினுக்கு எழுதிய கடிதத்தில் ‘வாலஸ் கட்டுரையைப் பார்த்தீர்களா, மொத்தத்தில் நன்றாக இருக்கிறது’ என்று உற்சாகமாகக் கேட்டார். டார்வின் படித்தார். தன் பிரதியில் ‘பெரிதாகப் புதியது எதுவும் இல்லை’ என்று பொருள்பட ஓரத்தில் எழுதி வைத்தார். இருபது வருடமாக ஒரே விஷயத்தை மென்றுகொண்டிருந்தவர், தன் வாசலில் வந்து நின்ற ஆளை அடையாளம் காணவில்லை.

லயல் கண்டுகொண்டார். 1856 ஏப்ரலில் டார்வின் வீட்டுக்குப் போனவர், ‘சீக்கிரம் எழுதி வெளியிடு, இல்லாவிட்டால் வேறு யாராவது முந்திக்கொள்வார்கள்’ என்று வற்புறுத்தினார். மே மாதம் டார்வின் தன் பெரிய நூலைத் தொடங்கினார்.

இதே 1856 ஆகஸ்டில் வாலஸ் லொம்போக்கிலிருந்து ஸ்டீவன்ஸுக்கு எழுதிய கடிதம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. அனுப்புகிற பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் வியாபாரக் கடிதம். அதில் போகிற போக்கில், பெட்டியிலுள்ள வீட்டு வாத்து டார்வினுக்கு, காட்டுச் சேவலும் அவருக்குத் தேவைப்படலாம் என்று ஒரு வரி. டார்வின் உலகம் முழுக்க ஆட்களிடம் கோழி, வாத்து, புறா கேட்டு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அதே கடிதத்தில், பாலியும் லொம்போக்கும் ஒன்றையொன்று பார்க்கும் தூரத்தில், ஒரே அளவு, ஒரே மண், ஒரே தட்பவெப்பம் இருந்தும் இரண்டின் விலங்குகளும் வேறு வேறு உலகத்தைச் சேர்ந்தவை என்கிறார். பின்னால் ‘வாலஸ் கோடு’ (ஆசிய விலங்குகளையும் ஆஸ்திரேலிய விலங்குகளையும் பிரிக்கும் எல்லை) என்று பெயர் பெற்ற விஷயத்தின் முதல் எழுத்து வடிவம் ஒரு சரக்குப் பட்டியலோடு பயணம் செய்திருக்கிறது.

டார்வினுக்கு நேரடியாக வாலஸ் எழுதிய முதல் கடிதம் 1856 அக்டோபரில் போனது. அது கிடைக்கவில்லை. 1857 மே 1 தேதியிட்ட டார்வினின் பதில் கிடைத்திருக்கிறது. நாமிருவரும் ஒரே மாதிரி யோசித்து ஓரளவு ஒரே முடிவுக்கு வந்திருக்கிறோம் என்று அதில் பாராட்டுகிறார். கூடவே, இனங்களும் வகைகளும் எப்படி வேறுபடுகின்றன என்று தான் முதல் நோட்டைத் தொடங்கி வருகிற கோடையோடு இருபது வருடம் ஆகிறது என்று ஆச்சரியக்குறி போட்டுச் சொல்கிறார். மரியாதையான கடிதம்தான், ஆனால் ‘இந்த வயல் என்னுடையது’ என்று வேலி போடுகிற வேலையையும் அது செய்கிறது. அடுத்த கடிதம் 1857 டிசம்பர் 22. லயலும் கல்கத்தா பிளைத்தும் உங்கள் கட்டுரையைப் பார்க்கச் சொன்னார்கள் என்கிறார். உங்கள் முடிவுகளை ஏற்கிறேன், நான் இன்னும் வெகுதூரம் போகிறேன் என்கிறார். எவ்வளவு தூரம், எந்த வழியாக என்பதை மட்டும் சொல்லவில்லை. மனிதனைப் பற்றி எழுதுவீர்களா என்று வாலஸ் கேட்டிருந்ததற்கு, முன்முடிவுகள் சூழ்ந்த விஷயம், தவிர்த்துவிடுவேன் என்று பதில்.

வாலஸுக்கு டார்வினின் வேலை தெரியாது, பாவம், அப்பாவியாகக் கொடுத்துவிட்டார் என்பார்கள். தெரியும். 1858 ஜனவரியில் அம்போனிலிருந்து பேட்ஸுக்கு எழுதும்போதே, டார்வின் இருபது வருடமாகத் தகவல் சேர்த்துப் பெரிய நூல் தயாரிக்கிறார், என் கருதுகோளின் இரண்டாம் பகுதியை நான் எழுதும் சிரமத்தை அவரே மிச்சப்படுத்திவிடலாம், இல்லை வேறு முடிவுக்கு வந்து எனக்குத் தொல்லையும் கொடுக்கலாம் என்று எழுதுகிறார். போட்டியை அறிந்த, அதைப் பற்றிக் கவலைப்படாத ஒருவரின் குரல் அது.

அடுத்த மாதம் காய்ச்சல். மலேரியா என்று பொதுவாகக் கருதப்படுகிறது. குளிர் நடுக்கத்தில் படுத்திருந்தபோது மால்தஸ் ஞாபகத்துக்கு வந்தார் என்று வாலஸ் பிற்காலத்தில் பலமுறை எழுதினார். நோய், பஞ்சம், எதிரிகள் எல்லாம் ஒவ்வொரு தலைமுறையிலும் பெரும்பகுதியைக் கொன்றுவிடுகின்றன, மிஞ்சுவது எது? பொருத்தமானது. அப்படியானால் ஒவ்வொரு தலைமுறையிலும் இனம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தே தீரும். இயற்கைத் தேர்வு என்பது இதுதான். காய்ச்சல் விட்டதும் இரண்டு மாலைகளில் எழுதி முடித்தார். கட்டுரையின் கீழே ‘டெர்னாட்டே, பிப்ரவரி 1858’. டெர்னாட்டே இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கில் உள்ள ஒரு சிறு தீவு. நீராவி இயந்திரத்தின் வேகம் கூடினால் தானே அதைக் குறைத்து நிறுத்தும் கட்டுப்பாட்டுக் கருவியோடு இயற்கையின் செயலை ஒப்பிடும் ஒரு பத்தி அதில் உண்டு. எதிர்வினைச் சுற்று என்று இன்று நாம் சொல்லும் கருத்தை உயிரியலில் அவ்வளவு தெளிவாக அதற்கு முன் சொன்னவர்கள் அரிது. இதை ஒரு பத்திரிகைக்கு நேரே அனுப்பியிருந்தால் இந்தப் பதிலுக்கே வேலை இருந்திருக்காது. டார்வினுக்கு அனுப்பி, தகுதி இருந்தால் லயலிடம் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

ஜூன் 18 தேதியிட்டு டார்வின் லயலுக்கு எழுதுகிறார்: இன்று வாலஸ் இதை அனுப்பியிருக்கிறார், 1842இல் நான் எழுதிய சுருக்கத்தைக் கையில் வைத்திருந்தால்கூட இதைவிட நன்றாகச் சுருக்கியிருக்க முடியாது, என் தனித்தன்மை எல்லாம் நொறுங்கிவிட்டது.

குற்றச்சாட்டு ‘இன்று’ என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறது. அதற்கு ஓர் ஆதாரமும் உண்டு. அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1858 மார்ச் 2 தேதியிட்டு வாலஸ், பேட்ஸின் தம்பி ஃபிரடெரிக்குக்கு ஒரு கடிதம் எழுதினார். மார்ச் 9 அன்று டெர்னாட்டேயிலிருந்து கிளம்பிய தபால் கப்பலில் அது போனது. உறை பத்திரமாக இருக்கிறது. ஜூன் 3 அன்று லெஸ்டரில் சேர்ந்ததைத் தபால் முத்திரை காட்டுகிறது. டார்வினுக்கான கடிதமும் அதே கப்பலில் போயிருந்தால் அவர் கைக்கும் அதே நேரம்தான் வந்திருக்கும். அப்படியானால் நடுவில் இரண்டு வாரம் என்ன செய்தார்? 1970களில் எழுந்த கேள்வி இது. அதன் மீது பிறகு நூல்களே எழுதப்பட்டன. ஜூன் 8 அன்று டார்வின் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில், ‘கிளைபிரிதல்’ கோட்பாடுதான் (ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள் வேறு வேறு வாழ்க்கைமுறைகளுக்கு ஏற்பப் பிரிந்துபோவது) இயற்கைத் தேர்வோடு சேர்ந்து என் நூலின் ஆதாரக்கல் என்று சொல்கிறார். இதோ, வாலஸின் கட்டுரையைப் படித்தபின் எழுதியது என்று சுட்டிக்காட்டினார்கள்.

2012இல் ஜான் வான் வைஹே, கீஸ் ரூக்மாக்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் டச்சுத் தபால் கப்பல்களின் கால அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வாலஸ் லயலிடம் காட்டச் சொன்னதற்குக் காரணம், லயல் பாராட்டினார் என்ற செய்தி டார்வினின் டிசம்பர் 22 கடிதத்தில் வந்ததுதான் என்பது அவர்கள் வாதம். அந்தக் கடிதமே டெர்னாட்டேக்கு மார்ச் 9 கப்பலில்தான் வந்தது. வந்த கப்பலிலேயே பதில் போகவில்லை. ஏப்ரலில் வந்த அடுத்த கப்பலில் போனது. அங்கிருந்து ஜாவா, சிங்கப்பூர், இலங்கையின் காலி, சூயஸ், அலெக்சாண்டிரியா என்று தொடர்ந்தால் லண்டனில் ஜூன் 17, டார்வினின் டவுன் கிராமத்தில் ஜூன் 18. நாள் கச்சிதமாகப் பொருந்துகிறது. (அந்தக் காலத்தில் கிழக்கிலிருந்து போன பிரிட்டிஷ் தபாலுக்குக் காலித் துறைமுகம்தான் கப்பல் மாறும் சந்திப்பு. பரிணாமக் கொள்கை நம் பக்கத்துக் கடல் வழியாகப் பைக்குள் கிடந்து போயிருக்கிறது.) இதை எல்லோரும் ஏற்கவில்லை. வாலஸின் கடிதம் டார்வினுக்குப் பதிலாகத்தான் எழுதப்பட்டது என்பது ஊகம், மார்ச் கப்பலை ஒதுக்கிவிட முடியாது என்று வாலஸ் ஆய்வாளர் சார்ல்ஸ் ஸ்மித் போன்றவர்கள் மறுத்தார்கள். டார்வினுக்கு வந்த கடிதத்தின் உறை இல்லாமல் இந்த வழக்கு முழுதாக முடியாது.

உறை எங்கே, வேண்டுமென்றே அழித்துவிட்டாரா என்று அடுத்துக் கேட்பார்கள். டார்வினின் மகன் ஃபிரான்சிஸ் இதற்குச் சொல்லும் விளக்கம் ரொம்பச் சாதாரணமானது. வந்த கடிதங்களை டார்வின் கம்பிகளில் குத்தி வைப்பார். கம்பிகள் நிறைந்துவிட்டால், பல வருடக் கடிதங்களை மொத்தமாக எரித்துவிட்டுக் கம்பிகளைக் காலி செய்துகொள்வார். இப்படியே 1862க்கு முன் அவருக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை போய்விட்டன. காணாமல் போனது வாலஸின் கடிதம் மட்டும் அல்ல. உலகத்தில் பாதிப்பேர் அவருக்கு எழுதியது போய்விட்டது. வாலஸ் தனக்கு வந்தவற்றை நாடோடி வாழ்க்கையிலும் பத்திரப்படுத்தினார். அதனால் அந்த உரையாடலில் டார்வினின் குரல் நமக்குத் தெளிவாகவும், வாலஸின் குரல் ஊடே ஊடே மட்டும் கேட்கிறது.

என்னைக் கேட்டால், கப்பல் எந்த நாளில் வந்தது என்பதில் இந்த வழக்கின் உயிர் இல்லை. ஜூன் 3 அன்றே கடிதம் வந்தது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதிலிருந்து எடுத்துக்கொள்ள டார்வினுக்கு என்ன இருந்தது? மால்தஸை அவர் படித்தது 1838 செப்டம்பர். 1842இல் பென்சிலில் ஒரு சுருக்கம். 1844இல் 230 பக்கக் கட்டுரை. அதை எழுதி முடித்ததும் மனைவி எம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி, நான் திடீரென்று இறந்துவிட்டால் 400 பவுண்டு செலவழித்து இதை வெளியிடு என்று கேட்டுக்கொண்டார். ஹூக்கர் அதை 1847க்குள் படித்துவிட்டார். கிளைபிரிதல் கோட்பாடோ, 1857 செப்டம்பர் 5 அன்று அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது. டெர்னாட்டேயில் வாலஸுக்குக் காய்ச்சல் வருவதற்கு ஐந்து மாதம் முன்பு. அட்லாண்டிக்கைத் தாண்டி இன்னொருவர் கையில் போய்ச் சேர்ந்துவிட்ட கடிதத்தை யாரும் பின்தேதியிட முடியாது. திருட்டுக் கதையை முடிக்க இந்த ஒரு தாள் போதும்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு உறுத்துவது. டார்வின் வீட்டில் செங்காய்ச்சல். கைக்குழந்தை சார்ல்ஸ் வாரிங் ஜூன் 28 அன்று இறந்தான். அதற்குச் சில நாள் முன்பு லயலுக்கு, நான் அற்பமாக நடந்துகொண்டேன் என்று வாலஸோ வேறு யாருமோ நினைப்பதைவிட என் நூலை எரித்துவிடுவேன் என்று எழுதியிருந்தார். எழுதினாரே தவிர, முடிவை நண்பர்கள் கையில் விட்டுவிட்டார். லயலும் ஹூக்கரும் லண்டன் இயற்கையியலாளர்களின் லின்னேயன் சங்கத்தின் ஜூலை 1 கூட்டத்தில் மூன்று பகுதிகளை வாசிக்க வைத்தார்கள்: 1844 கட்டுரையிலிருந்து ஒரு பகுதி, ஆசா கிரே கடிதத்திலிருந்து ஒரு பகுதி, கடைசியில் வாலஸின் முழுக் கட்டுரை. எழுதிய கால வரிசை என்று நியாயம் சொன்னார்கள். முழுக் கட்டுரையாக எழுதி முடித்த ஒரே பகுதி வாலஸுடையது. அது மூன்றாவதாகப் போனது. எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டு எழுதிப் பதில் வர அரை வருடம் ஆகியிருக்கும், அது உண்மை. காத்திருந்தால் வானம் இடிந்து விழுந்திருக்குமா? அன்று வாலஸ் நியூ கினியாவில் டோரே என்ற இடத்தில், நோயும் எறும்பும் படுத்திய பாட்டில் இருந்தார். அவரோடு வந்த ஜுமாத் என்ற இளைஞன் அங்கே இறந்துபோனான். லண்டனில் தன் பெயர் வாசிக்கப்பட்டது அவருக்கு மாதக்கணக்கில் தெரியாது.

கூட்டத்தில் பரபரப்பு எதுவும் நடக்கவில்லை என்பது வேறு. துறையையே புரட்டிப்போடும் கண்டுபிடிப்பு எதுவும் இல்லாத வருடம் என்று சங்கத்தின் தலைவர் தாமஸ் பெல் அடுத்த ஆண்டு பேசினார்.

செய்தி கிடைத்ததும் வாலஸ் என்ன எழுதினார்? 1858 அக்டோபர் 6 தேதியிட்ட இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. ஹூக்கருக்கு எழுதியதில் நன்றி சொல்கிறார். பொதுவாக முதலில் கண்டுபிடித்தவருக்கு எல்லாப் பெருமையும் போய், தனியாக அதே முடிவுக்கு வந்தவருக்கு ஒன்றும் மிஞ்சாது, எனக்குச் சாதகமாகவே நடந்திருக்கிறது என்கிறார். அம்மாவுக்கு எழுதியதில், இங்கிலாந்தின் மிகப் பெரிய இரண்டு இயற்கையியலாளர்களிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று பையன் மாதிரி சந்தோஷப்படுகிறார். ஹூக்கருக்கு நாசூக்குக்காக எழுதியிருக்கலாம். அம்மாவிடம் நாசூக்கு எதற்கு? அவருக்கு மனக்குறை இல்லை என்று நம்புகிறேன். பூச்சி விற்றுப் பிழைக்கும் ஒருவருக்கு அந்தக் கதவு வேறு வழியில் திறந்திருக்காது என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஆனால் பாதிக்கப்பட்டவர் பெருந்தன்மையாக இருந்ததால் செய்தது சரியாகிவிடாது. 1859 நவம்பர் 24 அன்று டார்வினின் நூல் வெளிவந்தது. 1,250 பிரதி அச்சடித்தார்கள். அதன்பின் அந்தக் கொள்கைக்கு ஒரு பெயர்தான் நின்றது.

இருவருக்குமான கடிதப் போக்குவரத்து டார்வினின் மரணம்வரை தொடர்ந்தது. படிக்க வேண்டிய பகுதி உண்மையில் அதுதான். 1858ஐ மட்டுமே சுற்றிக்கொண்டிருப்பவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். 1866 ஜூலையில் வாலஸ், ‘இயற்கைத் தேர்வு’ என்றால் யாரோ உட்கார்ந்து தேர்ந்தெடுப்பதாக ஜனங்கள் நினைக்கிறார்கள், ‘தகுதியுள்ளது பிழைக்கும்’ என்று தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சர் சொன்னதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று டார்வினுக்கு யோசனை சொன்னார். பின்வந்த பதிப்புகளில் டார்வின் அதைச் சேர்த்தார். 1867 பிப்ரவரியில் டார்வின் ஒரு புதிரைக் கேட்டார்: பாலியல் தேர்வால், அதாவது இணையைக் கவர்வதற்காக, நிறம் வந்தது என்றால், இணை சேரவே வழியில்லாத கம்பளிப்புழுக்கள் சில ஏன் இவ்வளவு பளிச்சென்று இருக்கின்றன? பேட்ஸிடம் கேட்டேன், வாலஸைக் கேள் என்றார். மறுநாளே பதில்: அவை சுவைக்காதவையாக இருக்க வேண்டும்; ‘என்னைத் தொடாதே’ என்று பறவைக்குச் சொல்லத்தான் அந்த நிறம். புழுவின் தோல் மெல்லியது, பறவை ஒரு கொத்து கொத்திப் பார்த்துத் துப்பினாலும் புழு செத்துவிடும். அதனால் கொத்துமுன்பே எச்சரிக்கை தேவை. ஜென்னர் வீயர் என்பவர் கூண்டுப் பறவைகளிடம் சோதித்துப் பார்த்து ஆமாம் என்றார். எச்சரிக்கை நிறம் என்று இன்று பாடப்புத்தகத்தில் வரும் கருத்து, ஒரு கேள்வியும் ஒரு பதிலுமாகத் தபாலில் பிறந்தது.

சண்டையும் போட்டார்கள். மனித மூளை வெறும் பிழைப்புக்குத் தேவையானதைவிட மிகப் பெரியது, அதை இயற்கைத் தேர்வு மட்டும் விளக்காது, ஏதோ உயர்ந்த அறிவு வழிநடத்தியிருக்க வேண்டும் என்று வாலஸ் 1869இல் எழுதினார். அது வரப்போகிறது என்று தெரிந்ததுமே டார்வின், உங்களுடையதும் என்னுடையதுமான குழந்தையை நீங்கள் கொன்றுவிட மாட்டீர்கள் என்று நம்புகிறேன் என்று எழுதினார். கட்டுரை கைக்கு வந்ததும் ஓரத்தில் பெரிதாக ‘இல்லை’ என்று எழுதிப் பல ஆச்சரியக்குறிகள் போட்டு, அடிக்கோடும் போட்டார். வாலஸ் அப்போது ஆவி உலகத் தொடர்பில் தீவிரமாக இறங்கியிருந்தார். தடுப்பூசியையும் பிற்காலத்தில் எதிர்த்தார். 1870இல் உலகம் தட்டை என்று அடம்பிடித்த ஜான் ஹாம்டன் என்பவரோடு 500 பவுண்டு பந்தயம் கட்டி, கால்வாயில் அளந்து நிரூபித்து ஜெயித்தார். பிறகு பல வருடம் அந்த ஆளின் வசவுக் கடிதங்களிலும் வழக்குகளிலும் மாட்டிக்கொண்டார். பெரிய மூளைக்காரர்தான், ஆனால் யாரோடு மல்லுக்கு நிற்பது என்ற விவரம் மட்டும் கடைசிவரை வரவில்லை.

நிலையான வேலையும் கிடைக்கவில்லை. தேர்வுத் தாள் திருத்திக் குடும்பம் நடத்தினார். அவருக்கு அரசு ஓய்வூதியம் வாங்கிக் கொடுக்க டார்வின் முயன்றபோது, ஆவி விவகாரத்தையும் பந்தயத்தையும் காட்டி ஹூக்கரே முதலில் தடுத்தார். டார்வின் விடவில்லை. மனு எழுதி, கையெழுத்து வாங்கி, பிரதமர் கிளாட்ஸ்டனுக்கு அனுப்பி, 1881இல் வருடத்துக்கு 200 பவுண்டு வாங்கித் தந்தார். மறு வருடம் டார்வினின் சவப்பெட்டியைத் தாங்கியவர்களில் வாலஸும் ஒருவர். 1889இல் தன் பரிணாம நூலுக்கு அவர் வைத்த பெயர் ‘டார்வினிசம்’. பெயர் மறைந்ததில் அவர் பங்கும் கொஞ்சம் உண்டு.

இனி, அவருடையது என்று தனியாக நிற்பது எது? முதலில் உயிர்ப் புவியியல். பாலிக்கும் லொம்போக்குக்கும் நடுவே சுமார் 35 கிலோமீட்டர் கடல். மேற்கே மரங்கொத்தி, குக்குறுவான். கிழக்கே கொண்டைக் கிளி. நடுக்கடலில் கோடு எங்கிருந்து வந்தது? மேற்குத் தீவுகளைச் சுற்றிக் கடல் ஆழமற்றது, அவை ஆசியாவோடு ஒட்டியிருந்தவை. கிழக்குத் தீவுகளுக்கு நடுவில் ஆழம் அதிகம் என்று கடல் வரைபடங்களை வைத்து வாலஸ் சொன்னார். பனியுகத்தில் கடல் மட்டம் இறங்கியது, தட்டுகள் நகர்ந்தன என்பதெல்லாம் பின்னால் வந்த அறிவு. அவருடைய கோடு அதில் பொருந்தி உட்கார்ந்தது. கோட்டுக்கு அவர் பெயரை வைத்தவர் உயிரியலாளர் ஹக்ஸ்லி, 1868இல். எங்கே வரைவது என்பதில், குறிப்பாக சுலவேசியை எந்தப் பக்கம் போடுவது என்பதில், இன்றும் சச்சரவு உண்டு. 1876இல் வந்த விலங்குகளின் புவியியல் பரவல் பற்றிய அவருடைய இரண்டு தொகுதி நூல், பறவையியலாளர் ஸ்கிளேட்டர் பறவைகளுக்காகப் போட்ட ஆறு மண்டலங்களை எல்லா விலங்குகளுக்கும் விரித்தது. அதில் தென்னிந்தியாவின் முனையையும் இலங்கையையும் சேர்த்து ஒரே துணைமண்டலமாக வைத்தார். மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் ஒன்றாக ஒரே பல்லுயிர்ச் செழிப்பிடம் என்று இன்று எண்ணும்போது, அந்தப் பழைய எல்லைக்கோடு எனக்கு ஞாபகம் வரும்.

இன்னொன்று, வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். கறிவேப்பிலை, எலுமிச்சைச் செடிகளில் முட்டையிடும் ‘காமன் மார்மன்’ என்ற கறுப்பு வண்ணத்துப்பூச்சி. ஆண் எல்லாம் ஒரே மாதிரி. பெண்ணில் மூன்று வடிவம்: ஒன்று ஆணைப் போல, ஒன்று ‘காமன் ரோஸ்’ போல, ஒன்று ‘கிரிம்சன் ரோஸ்’ போல. பின்னிரண்டும் பறவைகள் தொடாத நச்சுப் பூச்சிகள். இந்த மூன்றும் ஒரே இனத்தின் பெண்கள்தான், வேஷம் போடுவது பெண் மட்டும் என்பதை மலாய் மாதிரிகளை வைத்து வாலஸ் 1865இல் அச்சில் விளக்கினார். அந்த வேஷத்தை ஆளுவது ‘டபுள்செக்ஸ்’ என்ற ஒரே மரபணு என்று 2014இல் கண்டுபிடித்தார்கள்.

மறக்கப்பட்டவர் என்ற பேச்சையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். 1908இல் பிரிட்டனின் உயரிய விருதான ‘ஆர்டர் ஆஃப் மெரிட்’ வாங்கினார். 1913 நவம்பர் 7 அன்று 90 வயதில் இறந்தபோது உலகப் புகழோடுதான் இறந்தார். மரபியலும் டார்வினியமும் 1930, 40களில் ஒன்றாகப் பின்னப்பட்டபோதுதான் பெயர் பின்னால் போனது.

கடிதங்கள் எங்கே என்று கேட்டீர்கள். வாலஸின் குடும்பம் வைத்திருந்தவற்றில் பெரும்பகுதி லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலும் இருக்கிறது. 2010இல் ஜார்ஜ் பெக்கலோனி தொடங்கிய திட்டம், உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்தவற்றைத் தேடிப் படியெடுத்து, 2013 நூற்றாண்டு நினைவை ஒட்டி இணையத்தில் ஏற்றியது. டார்வின் பக்கம், கேம்பிரிட்ஜில் 1974இல் தொடங்கிய திட்டம் 15,000க்கும் மேற்பட்ட கடிதங்களை 30 தொகுதிகளாக அச்சிட்டு முடித்துவிட்டது. அவற்றையும் கட்டணமில்லாமல் இணையத்தில் படிக்கலாம். தேதி போட்டுத் தேடினால் கிடைக்கும். 1857 டிசம்பர் 22, 1858 ஜூன் 18, 1858 அக்டோபர் 6, 1867 பிப்ரவரிக் கடிதங்கள் என்ற வரிசையில் தொடங்குங்கள். ஆசா கிரே கடிதத்தை நடுவில் படித்துவிடுங்கள். காணொளிக்காரருக்குப் பதில் எழுத அது உதவும்.